அம்மாவின் அறுபதை யார் எண்ணினார்கள்?

இந்தப் பராபவ ஆண்டில் எங்கள் வீட்டில் இரண்டு கணக்கு நிறைகிறது. 1966 கார்த்திகையில் பிறந்த எனக்கு அறுபது. வியய ஆண்டு ஐப்பசியில், அதாவது 1946-இல் பிறந்த அம்மாவுக்கு எண்பது. இரண்டுக்கும் யாரும் பந்தக்கால் நடப்போவதில்லை. எங்கள் அறுபதாம் கல்யாணம் 2022-லேயே திருக்கடையூரில் முடிந்துவிட்டது. அது என் கணவரின் அறுபது. எனக்கு அன்று 55 வயது. அம்மாவின் அறுபது 2006-இல் வந்து போனது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த நாள் எது என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

யோகோஹாமாவில் வேலை பார்க்கும் மகன் சென்ற மாதம் போனில், "உனக்கு அறுபது வருதும்மா, இங்கே சிவப்புச் சட்டை போட்டுக் கொண்டாடுவாங்க. என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் எழுதி அனுப்பு" என்றான். எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள், அம்மாவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லையே என்று உறைத்தது. இந்த ஒப்பீடு அங்கிருந்து தொடங்கியது. அறுபதைக் கொண்டாடுகிற இரண்டு ஊர் வழக்கங்கள், அவை வயதானவருக்கு எதைக் கொடுக்கின்றன, யாருக்குக் கொடுக்கின்றன என்று பார்க்கத் தோன்றியது.

அறுபது என்ற எண் இரண்டு இடத்திலும் சுழற்சிக் கணக்கிலிருந்து வந்தது. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள். வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய 30 ஆண்டு. இரண்டும் சேர்ந்தாற்போல் புறப்பட்ட இடத்துக்கு வர 60 ஆண்டு. ஜப்பானியர் சீனாவிலிருந்து பெற்ற கணக்கில் ஒரு வரிசையில் பத்துக் குறிகள், இன்னொரு வரிசையில் பன்னிரண்டு விலங்குகள். இரண்டும் சுழன்று முதல் ஜோடி மறுபடி சேர அங்கேயும் 60 ஆண்டு. பிறந்த ஆண்டின் பெயர் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கன்ரெகி, நாட்காட்டி திரும்புதல். நாம் சஷ்டியப்த பூர்த்தி என்கிறோம், அறுபதாண்டு நிறைவு. திரும்புவதாக நினைக்கிறவர்களும் நிறைவதாக நினைக்கிறவர்களும் ஒரே பொருளைப் பரிசாகத் தரமாட்டார்கள்.

நாட்காட்டி திரும்பினால் ஆளும் திரும்பிப் பிறந்தாக வேண்டும். அதனால் கன்ரெகிக்குக் கொடுப்பது குழந்தையின் உடுப்பு. சான்சான்கோ எனப்படும் கையில்லாத சிவப்பு மேலங்கி, சிவப்புக் குல்லாய், உட்காரச் சிவப்புத் திண்டு. கைக்குழந்தையைத் தீயது அண்டாமலிருக்கச் சிவப்பு உடுத்துகிற வழக்கம் அங்கே இருந்தது. அறுபதில் மறுபடி பிறந்தவருக்கும் அதே காவல். பேரன் பேத்திகள் சூழ உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். இன்றைக்கு அறுபதில் யார் தன்னைக் கிழவர் என்று நினைக்கிறார்கள்? பலர் அந்த மேலங்கி வேண்டாம் என்கிறார்கள். பிள்ளைகளும் சிவப்புச் சட்டை, சிவப்புக் கழுத்துத்துணி, வெந்நீர் ஊற்று விடுதியில் இரண்டு நாள் என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

அறுபதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. 70, 77, 80, 88, 90, 99 என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. 88 அரிசி வயது: அரிசியைக் குறிக்கும் எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று வரும். 99 வெள்ளை வயது: நூறு என்ற எழுத்தின் மேல்கோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளை என்ற எழுத்து. நம்மிடம் ஆயிரம் பிறை கண்டவர் என்ற ஒன்று இருக்கிறது. பிறைக்கும் பிறைக்கும் இடையே இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறை காண எண்பது ஆண்டும் பத்து மாதமும் ஆகும். அவர்கள் வயதை எழுத்தில் பார்த்திருக்கிறார்கள், நாம் வானத்தில் பார்த்திருக்கிறோம். அழகு என்று பார்த்தால் பிறைக்கு ஈடாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அழகைவிடப் பெரிய பெருமை ஒன்றும் நம் சடங்குக்கு உண்டு. திருக்கடையூர் மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த தலம், அட்டவீரட்டங்களில் ஒன்று. வருடம் முழுக்க அங்கே ஹோமப் புகை அடங்குவதில்லை. தம்பதி மணையில் உட்கார்ந்திருக்க, கலசத் தண்ணீரைப் பிள்ளைகள் சல்லடை வழியே தலையில் ஊற்றுகிறார்கள். உறவுக்காரர்கள் பட்டுப்புடவை, வேட்டி, வெள்ளிக் குத்துவிளக்கு என்று கொண்டுவருகிறார்கள்; மொய் எழுதுகிறார்கள். பத்திரிகையில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று அச்சடித்தாலும் எழுதுகிறார்கள். அன்று வந்த பொருள்களில் பாதி இப்போது என் நினைவில் இல்லை. நாங்கள் கொடுத்தவை பத்தும் அப்படியே நினைவில் நிற்கின்றன. பசு, நிலம், எள், பொன், நெய், துணி, தானியம், வெல்லம், வெள்ளி, உப்பு. இந்தப் பத்தும் தசதானம். பசுவும் நிலமும் கொடுக்க வசதியில்லாதவர்கள் ஈடாகத் தேங்காயோ பணமோ வைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் வைத்தோம். ஆனால் எள்ளும் உப்பும் என் கையாலேயே எடுத்து வைத்தேன்.

கன்ரெகியில் வயதானவர் வாங்கிக்கொள்கிறார். இங்கே வயதானவர் கொடுக்கிறார். இதில் நான் நம் பக்கம்தான். ஐம்பது வயது வரை கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை, அதற்குப் பிறகு மாத்திரைக்கும் போன் ரீசார்ஜுக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பது முதுமையின் பெரிய வலி. அந்தக் கைக்கு ஒருநாளாவது மேலே நிற்க இடம் கொடுத்த சடங்கை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் முதுமையை உள்ளிருந்து அறிந்தவர்கள். ஜப்பானிலும் பதில் மரியாதை உண்டு. வாங்கிய பரிசின் மதிப்பில் ஏறக்குறைய பாதிக்குத் திருப்பிக் கொடுப்பார்களாம், நம் தாம்பூலப் பைக்கு அண்ணன் மாதிரி. அது கணக்கைச் சமன்செய்வது. கொடுக்கிற மகிழ்ச்சி அதில் கொஞ்சம்தான்.

இத்தனை நல்ல சடங்கு யாருக்கு நடக்கிறது என்று கேட்டால்தான் மனம் கனக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்குக் கணவன் பிறந்த ஆண்டும் மாதமும் நட்சத்திரமும்தான் நாள் குறிக்கின்றன. மனைவியின் நட்சத்திரம் சங்கல்பத்தில் ஒரு தடவை சொல்லப்படும், அவ்வளவுதான். தாலி மறுபடி கட்டப்படுவதால் மணையில் இருவர் இருந்தாக வேண்டும். எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம், அவற்றுக்கும் அதே மணை. துணையை இழந்தவருக்கு, மணமே ஆகாதவருக்கு, பிரிந்து வாழ்கிறவருக்கு அந்த மணையில் இடமில்லை. நம் பெண்கள் தம்மைவிட மூத்தவரை மணந்து, அவரைவிட நீண்டநாள் வாழ்கிறார்கள். எண்பதைத் தொடுகிற பெண்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். ஆயிரம் பிறையைக் கண்டவர்கள் அவர்கள். விழா எடுக்கத்தான் யாரும் இல்லை.

திருக்கடையூரில் நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் வரிசையாக வந்து அட்சதை தூவினார்கள். மாமியார் வழிச் சித்தி, கணவரின் அத்தை, சம்பந்தி வீட்டார், ஊர்க்காரர்கள். தூணுக்குப் பின்னால் வெளிர்நீலச் சேலை ஒன்றின் ஓரம் மட்டும் தெரிந்தது. என்னைப் பெற்றவள் வந்து அட்சதை தூவவில்லை. வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வா என்று நானும் கூப்பிடவில்லை. நாலு வருடமாக அந்தச் சேலை ஓரம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சிவப்பு மேலங்கிக்கு ஜோடி தேவையில்லை. கன்ரெகி ஆளுக்கு ஆள் எண்ணப்படுகிறது. கணவருக்கு அறுபதானால் அவருக்கு ஒன்று. நாலு வருடம் கழித்து மனைவிக்கு அவளுடையது. இடையில் அவர் போய்விட்டாலும் அவளுடைய நாட்காட்டி திரும்பத்தான் செய்யும். இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்காக அங்கே பெண்ணுக்குக் கணக்கு நேராகவே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. நான் பிறந்த 1966 அவர்களுக்கு நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த பெண் அடங்காதவள், கணவனுக்கு ஆகாதவள் என்று ஒரு நம்பிக்கை. 1965-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 18 லட்சத்து 20 ஆயிரம். 1966-இல் 13 லட்சத்து 60 ஆயிரம். நாலில் ஒரு பங்கு குறைந்துபோனது. அடுத்த ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. பெண் பிறந்துவிடுமோ என்ற பயத்தில் பெற்றோர் ஒரு வருடம் காத்திருந்தார்கள். அந்தப் பயத்தை மீறி அங்கே பிறந்த பெண்களுக்கும் எனக்கும் இந்த 2026-இல் ஒன்றாக அறுபது வருகிறது. நான் மூல நட்சத்திரம். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். மாமனார் இல்லாத வீடாகப் பாருங்கள் என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அப்பா அந்த ஜாதகங்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். நெருப்புக் குதிரைப் பெண்கள் அறுபது வருடம் வாழ்ந்து, வேலை பார்த்து, பிள்ளை வளர்த்து, இப்போது சிவப்பு அணிகிறார்கள் என்று நினைக்கும்போது, பார்க்காத அந்தப் பெண்களிடம் எனக்கு உடன்பிறப்பு மாதிரி ஒரு வாஞ்சை வருகிறது.

வீட்டைவிட அரசாங்கம் நேர்மையாக எண்ணுகிறது என்பது நான் எதிர்பார்க்காதது. ஜப்பானில் முதியோரைப் போற்றும் நாள் தேசிய விடுமுறையானது இதே 1966-இல்தான். முதலில் செப்டம்பர் 15. 2003 முதல் அந்த மாதத்தின் மூன்றாம் திங்கள். நூறு வயதைத் தொடுகிறவர்களுக்கு அரசு ஒரு வெள்ளிக் கிண்ணம் அனுப்புகிறது. 1963-இல் அந்த வழக்கம் தொடங்கியபோது நாட்டில் நூறு வயதானவர்கள் 153 பேர். 2015-இல் அந்த ஒரே வருடம் கிண்ணம் பெற வேண்டியவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். கட்டுப்படியாகாமல் 2016 முதல் வெள்ளி முலாம் பூசிய கிண்ணமாக்கிவிட்டார்கள். 2024-இல் அங்கே நூறைத் தாண்டியவர்கள் 95 ஆயிரத்துக்கும் அதிகம்; பத்தில் ஒன்பது பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பெண்கள். முலாமோ வெள்ளியோ, கிண்ணம் அவரவர் பெயருக்கு வருகிறது.

நம் நாட்டில் கிண்ணம் இல்லை, ஆனால் கிண்ணத்தைவிட உருப்படியான ஒன்று இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறில் முழுசாக இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இது உண்டு. அங்கே எண்ணப்படுவது இறந்துபோன கணவரின் வயதல்ல, அவளுடைய வயது. அப்பா ரயில்வேயில் இருந்தவர். அம்மாவின் கூடுதல் தொகைக்குப் பிறந்த தேதிச் சான்று வேண்டும் என்று தெரிந்தபோதுதான் நாங்கள் தேட ஆரம்பித்தோம். ஆதாரில் யாரோ உத்தேசமாகப் போட்ட ஜூலை 1 இருந்தது. பள்ளிச் சான்றிதழுக்காக அலைந்தோம். கடைசியில் பித்தளைச் செம்புக்குள் சுருட்டி வைத்திருந்த தாத்தா எழுதிய ஜாதகம் கிடைத்தது. வியய வருஷம், ஐப்பசி மாதம், சுவாதி. பென்ஷன் படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்பப் போய், அம்மா பிறந்த நாள் எங்களுக்குத் தெரியவந்தது.

எதைக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன். நமக்கும் சரி அவர்களுக்கும் சரி, பொருள் வழக்கத்தால் முடிவாகிறது. ஜப்பானில் பெரியவருக்குச் செருப்பு கொடுக்கமாட்டார்கள், மிதிபடுகிற பொருள் என்பதால். சீப்பும் ஆகாது, அதன் பெயரில் வருத்தமும் சாவும் ஒலிக்கின்றனவாம். நம்மிடம் வெள்ளிக் குங்குமச்சிமிழ், வெள்ளிக் கிண்ணம், இன்னொரு குத்துவிளக்கு. அலமாரிக்குள் ஒரு கடையே இருக்கும். முட்டிவலிக்கு ஏற்ற நாற்காலி இருக்காது. அங்கே இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பொருளுக்குப் பதிலாக ஒரு பரிசுப் பட்டியல் புத்தகத்தை அனுப்புகிறார்கள். விலை என்ன என்பது கொடுத்தவருக்குத் தெரியும், பொருளைப் பெறுகிறவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் புத்தகத்தில் இல்லாததைக் கேட்க அதில் வழியில்லை. மகன் என்னிடம் கேட்டதுபோல் வாய்விட்டு, என்ன வேணும் என்று கேட்பதற்கு இணை இல்லை.

என் பட்டியல் இது. குதிகால் வலிக்கு ஏற்ற நல்ல நடைச்செருப்பு, ஜப்பானியர் என்ன நினைத்தாலும் சரி. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் எழுதியது போதும், எனக்கென்று ஒரு எழுதும் மேசை, இழுப்பறையோடு. மகனோடு பத்து நாள், அவன் லீவு போட்டுவிட்டு. இவ்வளவுதான்.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கென்னடி வேணும், நீங்கள்லாம் நல்லாயிருந்தா போதாதா" என்றாள். அது பதிலே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "குளியல் ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி போடு. ராத்திரி சுவத்தைத் தடவிக்கிட்டு போக வேண்டியிருக்கு." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து: "அந்த இருபது பர்சன்ட் வந்தா யார்கிட்டயும் சொல்லாம நானே எடுத்துக்குவேன். வேலைக்கு வர்றவ பொண்ணு காலேஜ்ல சேர்ந்திருக்கு. மாசாமாசம் பஸ்ஸுக்குக் குடுக்கணும்." கீரைக்காம்புகளை முறத்தில் ஒதுக்கினாள். "அரக்குக் கலர்ல ஒரு சேலை" என்றாள்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என்னுடையதில் மூன்றும் எனக்கு. அம்மாவுடையதில் ஒன்று விழாமல் இருக்க, ஒன்று கொடுக்க, ஒன்று நிறம். தசதானம் என்ற பேரே சொல்லாமல் அவள் கொடுப்பதைக் கேட்டுவிட்டாள். கன்ரெகி என்ற சொல்லே கேள்விப்படாதவள் சிவப்பைக் கேட்டுவிட்டாள். அப்பா போன 2003-லிருந்து தீபாவளிக்குத் தீபாவளி அம்மாவுக்குச் சேலை எடுத்தவள் நான்தான். சாம்பல், வெளிர்நீலம், சந்தனம், மறுபடி சாம்பல். அடர்ந்த நிறம் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் விதி போடவில்லை. கடைக்காரர் பிரித்துப் போட்ட சேலைகளில் என் கை தானாகவே வெளிறியதை நோக்கிப் போனது. அந்த இருபத்துமூன்று வருடத்துக்கு நான் பொறுப்பு.

காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிறவர்களிடம் சொல்லி வைத்து வாங்கினேன். அரக்கு உடல், மஞ்சள் கட்டம், நல்ல கனமான பருத்தி. அம்மா மடிப்பைப் பிரித்து முந்தானையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, ஐப்பசிக்குக் கட்டுகிறேன் என்று பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். குளியலறையில் இரண்டு கம்பி போட்டாயிற்று. சுவாதி அன்று கூடத்தில் ஒரு மணை போடப்போகிறோம், ஒன்றே ஒன்று. அவள் கையால் எள், உப்பு, வெல்லம், துணி என்று முடிந்தவரை கொடுப்பாள். முடிந்ததும் நாங்கள் விழுந்து கும்பிட, அவள் அட்சதை தூவுவாள். அப்படி ஒரு சடங்கு சாஸ்திரத்தில் இருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். இல்லாவிட்டால் இந்த ஐப்பசியிலிருந்து இருக்கட்டும் என்றேன்.

உங்கள் வீட்டில் தனியாக நிற்கிற அம்மாவோ, அத்தையோ, மணமாகாத சித்தப்பாவோ இருந்தால், இன்றைக்கே அவர்கள் பிறந்த வருடத்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அறுபதோ எழுபதோ எண்பதோ எப்போது வருகிறது என்று கணக்குப் போடுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் நாளும் கேளுங்கள்.